டப்பாவில் கிடைத்த பழைய நாணயம் வெள்ளியா, வெறும் நிக்கலா?

தாத்தா காலத்து டப்பா ஒன்று கைக்கு வருகிறது. திறந்தால் நாற்பது ஐம்பது நாணயங்கள். சில கறுத்துக் கிடக்கின்றன, சிலவற்றில் பச்சைக் களிம்பு, ஒன்றிரண்டு மஞ்சளாக மின்னுகின்றன. சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "இதெல்லாம் வெள்ளியா? அது தங்கமா?"

எனக்கு அப்படி ஒரு டப்பா வந்தபோது நான் செய்த முதல் காரியமே தப்பு. நன்றாகக் கறுத்திருந்த ஒன்றை எடுத்துப் பற்பசை போட்டுத் தேய்த்தேன். பளபளப்பு வந்தது. அப்புறம் பூதக்கண்ணாடியில் பார்த்தால் முகமெல்லாம் மயிரிழைக் கீறல்கள். சேகரிப்பவர்கள் அந்தக் கீறலை ஒரே பார்வையில் கண்டுபிடித்து விலையைப் பாதியாகக் குறைத்துவிடுவார்கள். அதைவிட வருத்தம், அந்தக் கறுப்பே எனக்கு விடை சொல்லிக்கொண்டிருந்தது என்பது. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்ந்தால் உண்டாகும் மெல்லிய சல்ஃபைடு படலம் அது. சாட்சியை நானே தேய்த்து அழித்திருக்கிறேன்.

ஆகவே முதலில் எதையும் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள். நாணயத்தை விளிம்பில் பிடித்துத் தூக்குங்கள். கீழே ஒரு மெத்தென்ற துணி இருக்கட்டும்.

தேட வேண்டியது உலோகத்தை அல்ல

புதிதாக வருபவர்கள் எல்லோரும் உலோகத்திலிருந்து தொடங்குகிறார்கள். காந்தம், அமிலம், பனிக்கட்டி என்று சோதனைகளில் இறங்குகிறார்கள். எனக்குத் தெரிந்தவரை அது தலைகீழ் வழி. நாணயம் என்பது நகையைப் போல ஒரு கைவினைஞரின் விருப்பத்துக்குச் செய்யப்பட்டது அல்ல. இத்தனை கிராம், இத்தனை மில்லிமீட்டர், இன்ன உலோகம் இத்தனை பங்கு என்று ஓர் அரசு சட்டம் போட்டு அடித்த பொருள். அந்த விவரம் ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது, கேட்லாக்குகளில் இருக்கிறது. உங்கள் வேலை, இது எந்த நாணயம் என்று அடையாளம் கண்டு, அதன் பதிவை எடுத்து, கையில் இருப்பது அந்தப் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது மட்டும்தான். எந்த முன்தகவலும் இல்லாமல் ஒரு உலோகத் துண்டை ஆராய்வது கடினம். "இது 26.73 கிராம் இருக்க வேண்டும், இருக்கிறதா?" என்று சரிபார்ப்பது எளிது.

அடையாளம் காண நாடு, மதிப்பு, ஆண்டு மூன்றும் வேண்டும். பெரும்பாலான நாணயங்களில் இவை அப்படியே பொறிக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் ஆண்டு வேறு கணக்கில் இருக்கும்: அரபு எழுத்தில் ஹிஜ்ரி ஆண்டு, தாய்லாந்தில் புத்த ஆண்டு, ஜப்பானில் மன்னரின் ஆட்சியாண்டு. ஜப்பானிய நாணயத்தில் ஷோவா 41 என்றிருந்தால் அது 1966.

ஆண்டு ஏன் அவ்வளவு முக்கியம்? முகமும் மதிப்பும் அளவும் மாறாமல் உள்ளே உலோகம் மட்டும் மாறிய கதைகள் நாணய வரலாறு முழுக்க இருக்கின்றன. அமெரிக்காவின் கால் டாலர் 1964 வரை 90 சதவீத வெள்ளி, 6.25 கிராம். 1965 முதல் அதே படத்தோடு, செம்பு நடுவில் வைத்து இருபுறமும் செம்பு-நிக்கல் தகடு ஒட்டிய 5.67 கிராம் நாணயம். பிரிட்டனின் ஷில்லிங் 1919 வரை 92.5 சதவீத வெள்ளி. 1920இல் அது 50 சதவீதமாக இறங்கியது. 1947இல் வெள்ளி முற்றிலும் போய்ச் செம்பு-நிக்கல் வந்தது. இந்திய ஒரு ரூபாய் 1862 முதல் 11.66 கிராம் எடையில் சுமார் 91.7 சதவீத வெள்ளியாக இருந்தது. 1940இல் பாதி வெள்ளியானது. 1947இல் வெளிவந்த ரூபாய் வெறும் நிக்கல். சுவிட்சர்லாந்தின் ஃபிராங்க் 1967 வரை 83.5 சதவீத வெள்ளி, 1968இல் செம்பு-நிக்கல். ஜப்பானின் 100 யென் 1966 வரை 60 சதவீத வெள்ளி, 1967 முதல் செம்பு-நிக்கல்.

இந்த ஆண்டுகளைப் பார்த்தாலே ஒன்று புரியும். 1960களில் வெள்ளியின் விலை ஏறிக்கொண்டே போனது. நாணயத்தில் பொறித்த மதிப்பைவிட உள்ளிருக்கும் வெள்ளி அதிக விலைக்குப் போகும் நிலை வந்ததும் ஒவ்வொரு நாடும் வெள்ளியைக் கைவிட்டது. எனவே உங்கள் டப்பாவில் 1970க்குப் பிந்தைய புழக்க நாணயங்கள் இருந்தால் பெரும்பாலும் வெள்ளி எதிர்பார்க்க வேண்டாம். விலக்கு உண்டு. மேற்கு ஜெர்மனியின் 5 மார்க் 1974 வரை 62.5 சதவீத வெள்ளியில் வந்தது. நினைவு நாணயங்கள் இன்றும் வெள்ளியில் வருகின்றன.

சில சமயம் ஆண்டும் போதாது. கனடாவின் 1968 கால் டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டின் முற்பகுதியில் அடித்தவை 50 சதவீத வெள்ளி, பிற்பகுதியில் அடித்தவை நிக்கல். படம் ஒன்று, ஆண்டு ஒன்று. ஆனால் ஒரு சிறு காந்தத்தைக் காட்டினால் போதும்: நிக்கல் ஒட்டும், வெள்ளி ஒட்டாது. பதிவு தெரிந்தபின் சோதனை எவ்வளவு சுருங்கிவிடுகிறது பாருங்கள்.

பெயரில் இருக்கும் பொய்

கேட்லாக்கைப் படிக்கும்போது சில பெயர்கள் ஆளை ஏமாற்றும். ஜெர்மன் வெள்ளி என்பதில் வெள்ளி ஒரு துளியும் கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. யூரோவின் 10, 20, 50 சென்ட் நாணயங்கள் 'நார்டிக் கோல்டு' என்ற கலவையில் வருகின்றன. அதில் 89 சதவீதம் செம்பு, மீதி அலுமினியம், துத்தநாகம், வெள்ளீயம். தங்கம் பெயரில் மட்டும்தான். அமெரிக்கர்கள் நிக்கல் என்று அழைக்கும் 5 சென்ட் நாணயத்தில் முக்கால் பங்கு செம்பு.

தமிழில் நாணயம் என்ற சொல்லுக்கு நேர்மை என்றும் பொருள் இருக்கிறது. நாணயத்தை அடித்தவர்களிடம் அது எப்போதும் இருந்தது என்று சொல்ல முடியாது. ரோமப் பேரரசன் நீரோ கி.பி. 64இல் தெனாரியஸ் நாணயத்தின் எடையையும் வெள்ளியையும் குறைத்தான். 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் ரோமின் 'வெள்ளி' நாணயத்தில் வெள்ளி 5 சதவீதத்துக்கும் கீழே போய், மேலே பூசிய மெல்லிய பூச்சாக மட்டும் நின்றது. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி கதை இன்னும் வேடிக்கை. 1540களில் அவர் வெள்ளியில் செம்பைச் சேர்த்துக்கொண்டே போனார். நாணயத்தில் மன்னர் நேராகப் பார்க்கும் முகம். கைமாறிக் கைமாறித் தேய்ந்தபோது முகத்தில் உயரமாக இருந்த மூக்குதான் முதலில் தேய்ந்தது. அடியிலிருந்த செம்பு சிவப்பாக வெளியே தெரிந்தது. மக்கள் மன்னருக்குச் 'செப்பு மூக்கன்' என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த மூக்கு இன்றைக்கும் உதவும் பாடம். முலாம் பூசிய நாணயம் முதலில் காட்டிக்கொடுப்பது உயரமான இடங்களில்தான்: மூக்கு, கன்னம், தலைமுடி, எழுத்துகளின் விளிம்பு. பூதக்கண்ணாடியில் அந்த இடங்களைப் பாருங்கள். மற்ற இடம் வெள்ளையாகவும் தேய்ந்த இடம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தால் உள்ளே வேறு உலோகம்.

அப்புறம் விளிம்பு. நாணயத்தைப் படுக்க வைத்துப் பார்ப்பதைவிட நிறுத்திப் பார்த்தால் அதிகம் தெரியும். தகடு ஒட்டிய அமெரிக்க நாணயங்களில் விளிம்பின் நடுவே செம்பு நிறக் கோடு ஒன்று சுற்றி ஓடும். 1964 வரையிலான வெள்ளியில் அது இருக்காது. அச்சில் வார்த்த போலிகளில் விளிம்பைச் சுற்றி ஒட்டுப்போட்ட தடம் போல் ஒரு கோடு தெரியலாம், அல்லது அதை அரத்தால் ராவிய அடையாளம் தெரியலாம்.

நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நல்ல வெள்ளி சாம்பல், கறுப்பு, சில சமயம் நீலமும் ஊதாவும் கலந்த வானவில் நிறம் கொள்ளும். வெள்ளி குறைந்து செம்பு கூடியது பழுப்பு மஞ்சளாகத் தேயும். செம்பும் வெண்கலமும் அடர் பழுப்பாகி, ஈரம் பட்டால் பச்சைக் களிம்பு கட்டும். துத்தநாகம் மங்கிய சாம்பல் நிறமாகி வெள்ளைப் பொடி விடும். செம்பு-நிக்கல் எத்தனை ஆண்டானாலும் பெரிதாக மாறாமல் சற்று மங்கலான வெண்மையில் நிற்கும். வெள்ளி என்று அதிகம் தவறாக நினைக்கப்படுவது இதுதான். அலுமினியத்துக்குக் கண் வேண்டாம், கை போதும். காகிதம்போல் எடையே இருக்காது.

காந்தம் சொல்வதும் சொல்லாததும்

காந்தத்தில் ஒட்டினால் அது வெள்ளியோ தங்கமோ அல்ல. இரும்பு, எஃகு அல்லது நிக்கல். ஒட்டவில்லை என்றால்? எதுவும் நிரூபணமாகவில்லை. செம்பு, பித்தளை, வெண்கலம், ஈயம், துத்தநாகம், அலுமினியம் எதுவும்தான் ஒட்டாது. நிக்கல் கலந்திருந்தும் செம்பு-நிக்கல் நாணயம் ஒட்டுவதில்லை, செம்பு முக்கால் பங்கு இருப்பதால்.

காந்தத்தின் பெருமைக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு 1943ஆம் ஆண்டின் அமெரிக்க ஒரு சென்ட். போருக்குச் செம்பு தேவைப்பட்டதால் அந்த ஆண்டு துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். வெள்ளை நிறம், 2.70 கிராம். முந்தைய ஆண்டின் வெண்கல வில்லைகள் (அச்சு விழாத வட்டத் தகடுகள்) சில எந்திரத்தில் தங்கிப்போய் 1943 என்ற அச்சு விழுந்து வெளியே வந்தன. மிகச் சிலவே உள்ள அந்த வெண்கல சென்ட் சேகரிப்பாளர்களின் கனவு. எனவே எஃகு சென்ட்டுக்குச் செம்பு முலாம் பூசி விற்பவர்களும் உண்டு. காந்தத்தை அருகில் கொண்டுபோனால் அந்தக் கனவு 'டக்' என்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டாலும் உடனே துள்ளிக் குதிக்க வேண்டாம். 1948 என்பதில் எட்டின் இடப்பக்கத்தைச் சுரண்டி மூன்றாக்கிய வேலைகளும் இருக்கின்றன. உலோகம் சரியாக இருந்தும் நாணயம் போலி.

வலுவான நியோடிமியம் காந்தம் இருந்தால் இன்னொரு விளையாட்டு செய்யலாம். பெரிய நாணயம் ஒன்றைச் சாய்வாக வைத்து, மேலே மெல்லிய காகிதம் போட்டு, காந்தத்தை வழுக்க விடுங்கள். வெள்ளியின் மேல் காந்தம் தேனில் நகர்வதுபோல் மெதுவாக இறங்கும். காந்தம் நகரும்போது நாணயத்துக்குள் சுழல் மின்னோட்டங்கள் உண்டாகி அதை எதிர்க்கின்றன. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகத்தில் அந்த எதிர்ப்பு அதிகம். செம்பு-நிக்கல் மோசமான கடத்தி என்பதால் அதன்மேல் காந்தம் சட்டென்று விழுந்துவிடும். ஆனால் சுத்தச் செம்பும் வெள்ளிக்குக் கிட்டத்தட்ட இணையாக மெதுவாக்கும். ஆக வெள்ளி முலாம் பூசிய செம்பு இதில் தப்பித்துவிடும்.

தராசு

இனி வருவதுதான் இந்த முழு வேலையின் உயிர். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு, ஒரு வெர்னியர் காலிப்பர். உலோகத் தாடை கொண்ட காலிப்பர் நாணயத்தைக் கீறும், பிளாஸ்டிக் போதும்.

எடை பதிவைவிடக் கொஞ்சம் குறைந்திருப்பது இயல்பு, புழங்கிய நாணயம் தேயும். எடை கூடியிருந்தால் சந்தேகப்படுங்கள். நாணயம் புழங்கிப் புழங்கிக் கனப்பதில்லை. எடையை மட்டும் பார்த்தாலும் ஏமாறலாம், போலி செய்பவனிடமும் தராசு இருக்கிறது. அவனால் முடியாதது எடை, விட்டம், தடிமன் மூன்றையும் ஒருசேரச் சரியாக்குவது. அமெரிக்காவின் மார்கன் டாலர் 90 சதவீத வெள்ளி, 26.73 கிராம், 38.1 மி.மீ. விட்டம். அதே விட்டத்தில், அதே எடையில் செம்பு-நிக்கலில் செய்தால் தடிமன் ஆறில் ஒரு பங்கு கூடிவிடும். தடிமனைச் சரியாக வைத்தால் எடை குறைந்துவிடும். காரணம் அடர்த்தி: ஒரு கன சென்டிமீட்டர் பொருள் எத்தனை கிராம் என்பது.

சில எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. அலுமினியம் 2.7, துத்தநாகம் 7.1, எஃகு 7.9 அருகில், பித்தளை 8.5 அருகில், செம்பும் நிக்கலும் செம்பு-நிக்கலும் 8.9 அருகில், வெள்ளி 10.5, ஈயம் 11.3, தங்கம் 19.3. 90 சதவீத வெள்ளியில் மீதி செம்பு என்றால் 10.3, பாதி வெள்ளி, மீதி செம்பும் நிக்கலும் துத்தநாகமும் என்றால் 9.5 சுமார்.

வளைவு நெளிவான படங்கள் புடைத்து நிற்கும் நாணயத்தின் கனஅளவைக் காலிப்பரால் சரியாக அளக்க முடியாது. அதற்குத் தண்ணீர் இருக்கிறது. கிரீடத்தில் வெள்ளி கலந்திருக்கிறதா என்று சைரகூஸ் மன்னன் ஹீரோ கேட்டதும் ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியிலிருந்து ஓடியதாக ரோமக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்த கதையை எல்லோரும் கேட்டிருப்போம். அதே கொள்கைதான், ஓடத் தேவையில்லை.

என் டப்பாவில் ஒரு பெரிய நாணயம் இருந்தது. ஒருபுறம் முக்காடிட்ட பருத்த பெண்ணின் பக்கவாட்டு முகம், மறுபுறம் இரட்டைத் தலைக் கழுகு, 1780 என்ற ஆண்டு. ஆஸ்திரியாவின் மரியா தெரசா தாலர்: அந்நாட்டு அரசியின் பெயரிலான பெரிய வெள்ளி நாணயம். பதிவில் 28.07 கிராம், 83.3 சதவீத வெள்ளி, சுமார் 40 மி.மீ. விட்டம். தராசில் வைத்தேன்: 28.01. சரி, இப்போது தண்ணீர்.

ஒரு சிறு பிளாஸ்டிக் கோப்பையில் அறை வெப்பநிலையில் உள்ள தண்ணீரை முக்கால் அளவுக்கு ஊற்றித் தராசின்மேல் வைத்து, பொத்தானை அழுத்திக் காட்சியை 0.00 ஆக்கினேன். நாணயத்தை மெல்லிய நைலான் நூலில் சுருக்கிட்டுத் தொங்கவிட்டு, தண்ணீருக்குள் முழுதும் மூழ்கும்படி இறக்கினேன். இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: நாணயம் அடியையோ பக்கச் சுவரையோ தொடக்கூடாது. தொட்டால் நாணயத்தின் எடையும் தராசில் ஏறிவிடும். கை நடுங்குகிறது என்றால் கோப்பைக்கு மேலே குறுக்காக ஒரு குச்சியை, தராசைத் தொடாமல், இரண்டு புத்தக அடுக்குகளில் தாங்கவைத்து நூலை அதில் கட்டிவிடலாம்.

தராசு 2.78 காட்டியது. 28.01-ஐ அதனால் வகுத்தால் 10.08. கொஞ்சம் குறைவாகத் தோன்றியது. குனிந்து பார்த்தால் கழுகின் இறகுகளுக்கிடையே பொடிப் பொடியாகக் காற்றுக் குமிழ்கள். குமிழும் இடத்தை அடைக்கும், கனஅளவைக் கூட்டிக் காட்டும். நாணயத்தை வெளியே எடுத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டு, மறுபடி 0.00 ஆக்கி, மெதுவாக இறக்கினேன். இந்த முறை 2.75. வகுத்தால் 10.19. 83.3 சதவீத வெள்ளிக்குக் கணக்குப்படி வர வேண்டியது 10.2.

தண்ணீருக்குள் தராசு காட்டும் அந்த எண் என்ன? நாணயம் இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. ஒரு கிராம் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு கன சென்டிமீட்டர் என்பதால் அதுவே நாணயத்தின் கனஅளவும் ஆகிவிடுகிறது. அதே 28.01 கிராம் செம்பு-நிக்கலாக இருந்திருந்தால் 3.15 காட்டியிருக்கும். 2.75-க்கும் 3.15-க்கும் உள்ள இடைவெளியை எந்த மலிவுத் தராசும் தவறவிடாது.

இந்த முறை எனக்கு மிகவும் பிடித்ததற்குக் காரணம் உண்டு: தேய்மானம் இதைக் குழப்புவதில்லை. முகமே தெரியாமல் தேய்ந்த நாணயத்தின் எடை குறையும், தடிமன் குறையும். அடர்த்தி மட்டும் அடித்த நாளில் இருந்ததுதான்.

குறைகளும் உண்டு. சிறிய நாணயத்தில் இந்த முறை தடுமாறும். பிரிட்டனின் 3 பென்ஸ் வெள்ளி நாணயம் 1.41 கிராம்தான். 92.5 சதவீத வெள்ளி என்றால் தண்ணீரில் 0.136 காட்ட வேண்டும், பாதி வெள்ளி என்றால் 0.148. தராசோ 0.14, 0.15 என்றுதான் காட்டும். ஒரு புள்ளி தவறினால் விடையே மாறிவிடும். ஒரே வகையில் பத்து இருந்தால் பத்தையும் சேர்த்து மூழ்கவையுங்கள்: 1.36-ஆ, 1.48-ஆ என்று பளிச்சென்று தெரியும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஆண்டைப் பாருங்கள், தராசை விடுங்கள்.

நகையில் கோக்க வளையம் பற்றவைத்த நாணயம், இரு உலோகம் பொருத்திய நாணயம், உள்ளே அழுக்கு அடைத்தது ஆகியவற்றில் கிடைக்கும் எண் கலவையின் சராசரி மட்டுமே. ஈயமும் வெள்ளீயமும் சரியான பங்கில் கலந்தால் வெள்ளியின் அடர்த்தியைக்கூடப் பிடித்துவிடலாம். ஆனால் அந்தக் கலவை மிருது. தட்டினால் மண்சட்டிபோல் 'தொத்' என்று கேட்கும். அதனால்தான் ஒரு சோதனையோடு நிறுத்தக்கூடாது. சேமிப்புக்காக அடித்துக் கூட்டில் அடைத்த கண்ணாடிப் பளபளப்பு நாணயங்களைத் தண்ணீரில் இறக்கவே வேண்டாம். மூழ்கவைத்த எதையும் துடைக்காமல் மெல்லிய துணியில் ஒற்றி உலர்த்துங்கள்.

ஓசை, பனிக்கட்டி, அமிலம்

நாணயத்தை விரல் நுனியில் நிறுத்தி, விளிம்பில் பென்சிலால் லேசாகத் தட்டினால் வெள்ளி மெல்லிய மணிபோல் நீண்டு ஒலிக்கும், செம்பு-நிக்கல் சீக்கிரம் அடங்கிவிடும். தரையில் போட்டுப் பார்ப்பது வேண்டாம், விளிம்பு நசுங்கும். விரிசல் விழுந்த நல்ல வெள்ளியும் மந்தமாகக் கேட்கும் என்பதால் இதை ஒரு குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பனிக்கட்டியை நாணயத்தின்மேல் வைத்தால் வெள்ளியில் வேகமாக உருகும். வெப்பக் கடத்தல் செய்யும் வேலை. செம்பிலும் அதே வேகம்தான். வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவே.

அமிலச் சோதனையையும் உரைகல்லையும் நாணயத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். நகைக்கு உரைகல் சரி; அங்கே மாற்றுதான், அதாவது உலோகத்தின் தூய்மைதான், விலையை முடிவு செய்கிறது. நாணயத்துக்கு மேற்பரப்புதான் உயிர். அமிலம் விட்ட புள்ளியும் அரம் போட்ட வெட்டும் அழியாது. "உள்ளே பார்க்கிறேன்" என்று விளிம்பில் ராவி, அரிய நாணயத்தை வெறும் உலோக விலைக்கு இறக்கியவர்கள் நிறைய.

கருவி வைத்திருப்பவரிடம் கொடுத்தால் எக்ஸ்ஆர்எஃப் என்ற எக்ஸ்-கதிர்க் கருவியைக் காட்டி, சில நொடிகளில் எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று திரையில் காட்டிவிடுவார். கீறல் விழாது. நல்ல கருவி, ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும். அமெரிக்காவின் 1965 முதல் 1970 வரையிலான அரை டாலரில் மேல் தகடு 80 சதவீத வெள்ளி, நடுப்பகுதியில் 21 சதவீதம் அருகில்; மொத்தமாகக் கணக்கிட்டால் 40. கருவி 80 என்று சொல்லும். கருவி பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதற்கு அது பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். பழங்காலச் செம்பு கலந்த வெள்ளி நாணயங்களிலும் இதே தொல்லை: வில்லையைச் சூடாக்கி அமிலத்தில் தோய்த்து மேலிருந்த செம்பைக் கரைத்து வெண்மையாக்கி அடிப்பது வழக்கம். மேலே வெள்ளி கூடுதலாகத் தெரியும். கருவியின் எண்ணையும் தண்ணீர் சொன்ன அடர்த்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மஞ்சளாக மின்னும் அந்த ஒன்று

தங்கம் வெள்ளியைவிடச் சோதிக்க எளிது. பிரிட்டனின் சவரன் 22 கேரட், 7.99 கிராம், 22.05 மி.மீ. விட்டம், ஏறத்தாழ ஒன்றரை மி.மீ. தடிமன். இதே அளவில் பித்தளையில் ஒன்று செய்தால் அது நான்கு கிராமைத் தொடாது. 22 கேரட் தங்கத்தின் அடர்த்தி 17.5 அருகில்; அந்த உயரத்தில் மலிவான உலோகம் எதுவும் கிடையாது, டங்ஸ்டனைத் தவிர. டங்ஸ்டன் 19.25 என்பதால் சுத்தத் தங்கத்துக்கு இரட்டைப் பிறவி. பெரிய தங்க நாணயம் என்றால் தண்ணீர்ச் சோதனையோடு திருப்திப்படாமல், மின்கடத்தலை அளக்கும் கருவி வைத்திருப்பவரிடம் காட்டுங்கள். 19ஆம் நூற்றாண்டில் தங்கத்தைவிடப் பிளாட்டினம் மலிவாக இருந்த காலத்தில், ஸ்பெயினின் தங்க நாணயங்களைப் பிளாட்டினத்தில் அடித்துப் பொன்முலாம் பூசியவர்கள் இருந்தார்கள். அந்தப் போலி இன்று கையில் கிடைத்தால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

முதலீட்டுக்காக அடிக்கும் நாணயங்களில் ஒரு அவுன்ஸ் என்று பொறித்திருந்தால் அது 31.1 கிராம் கொண்ட டிராய் அவுன்ஸ்; 28.35 கிராம் அல்ல. தென்னாப்பிரிக்காவின் க்ரூகராண்ட் அதற்கும் மேலே 33.93 கிராம் நிறுக்கும். 22 கேரட் என்பதால் ஒரு அவுன்ஸ் தங்கத்தோடு செம்பின் எடையும் சேர்ந்துகொள்கிறது.

சரி, என் தாலருக்கு வருவோம். எடை, விட்டம், அடர்த்தி எல்லாம் பொருந்தின. 240 ஆண்டுப் பழைய வெள்ளி என்று கொஞ்ச நேரம் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் கேட்லாக்கில் அடுத்த வரியைப் படித்தேன். மரியா தெரசா 1780இல் இறந்தார். செங்கடலின் இருகரையிலும் வணிகர்கள் அந்த நாணயத்தையே நம்பிக் கேட்டதால், அவர் இறந்த பிறகும் அதே ஆண்டைப் பொறித்தே அடித்துக்கொண்டிருந்தார்கள்: வியன்னாவில், பின்னர் ரோமில், லண்டனில், பாரிஸில், பம்பாயில்கூட. எல்லாம் அதே 83.3 சதவீத வெள்ளி. தராசுக்கும் தண்ணீருக்கும் அந்த வித்தியாசம் தெரியாது.

நாணயத்தை ஒரு காகித உறையில் போட்டேன். பிவிசி கலந்த பிளாஸ்டிக் உறை நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பை விடும் என்பதால் அது வேண்டாம். உறையின் மேல் பென்சிலால் எழுதினேன்: "மரியா தெரசா தாலர். 28.01 கிராம். 40 மி.மீ. அடர்த்தி 10.19. காந்தம் ஒட்டவில்லை. வெள்ளி. 1780 அல்லது அதற்குப் பிறகு எப்போதோ."